எறும்பு ஊர்ந்த ஷாட்

— இருங்க தம்பி, முதல்ல நான் உட்காரணும். அப்புறம் நீங்க பொய் சொல்ல ஆரம்பிக்கலாம். மூணு மாடி ஏறி வந்திருக்கேன்.

— ஐயோ, உங்ககிட்ட எதுக்கு அக்கா பொய்? அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. பாப்பா, நீயும் உட்காரும்மா.

— நான் நின்னுக்கறேன் அங்கிள். அம்மா, கேக்க வந்ததைக் கேளு. நம்மளைப் பார்த்ததுல இருந்து இவர் மௌஸை விடவே இல்ல பாரு.

— எடிட்டர் கை வேற எங்கம்மா இருக்கும்?

— கண்ணு, நீ கீழ போ. வண்டியை வாசல் கேட்டுக்கு நேரா நிறுத்திட்டு வந்திருக்கே. யாராவது கத்தப் போறாங்க.

— அம்மா!

— போன்னா போ. அப்பா விஷயம். நான் பேசிட்டு வர்றேன்.

— சரி, போறேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டுத்தான் போவேன். அங்கிள், உங்க கொலைப் படத்தோட ஏழாம் பாகம் குப்பை. ஆறு பாகமா கத்தரிக்காரன் ஒருத்தரையும் ஓடிப் பிடிச்சதில்ல. அவன் பாட்டுக்கு நடந்து வருவான், ஓடறவங்கதான் சுத்திச் சுத்தி அவன் கையில போய் விழுவாங்க. அதுதான் அவனுக்கு அழகு. இதுல ஓடறான்! ஒரு கையில தோட்டக் கத்தரி, ஒரு கையில முகமூடியைப் பிடிச்சுக்கிட்டு!

— அது சுருங்கிடுச்சும்மா. யாரோ வெந்நீர்ல ஊற வச்சுட்டாங்க. பிடிக்கலேன்னா கழண்டு விழும்.

— புதுசு வாங்க மாட்டீங்களா?

— கதவைச் சாத்திட்டுப் போ கண்ணு.

— போறேன், போறேன்.

— என்னத்த சொல்ல, அவ அப்பா மாதிரியே, நம்ம அண்ணன் மாதிரியே பேசறா. டீ சொல்லட்டுமா அக்கா?

— வேணாம். எங்க வீட்டுல டீ வேற சமாசாரம். இந்தப் படங்களை நாங்க எப்படிப் பார்ப்போம்னு அவர் எப்பவாவது சொல்லியிருக்காரா?

— இல்லையே. அண்ணன் செட்டுக்கு வந்தா வாய் மூடாது. ஆனா வீட்டுக் கதை பேச மாட்டார்.

— முதல்ல கதவைச் சாத்துவோம். அப்புறம் ஜன்னல். பக்கத்துல தெரிஞ்சா மானம் போயிடுமே! ஒரு தடவை மறந்து ஜன்னலை விட்டுட்டோம். நாலாம் பாகத்துல அந்த நர்ஸ் கத்தின கத்துல, எதிர்வீட்டுக்காரர் கட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துட்டார். செய்தி பார்க்கறோம்னு சொல்லி அனுப்பி வச்சோம்.

— நம்பினாரா?

— செய்திதானே, நம்பாம? அது கிடக்கட்டும். அவர் செத்துக் கிடக்கற ஷாட் வரும் பாருங்க, அதுதான் எங்க ஆட்டம். மூணு பேரும் மூச்சுக் காட்டாம உட்கார்ந்திருப்போம். பொணமா கிடக்கறவர் எங்கயாவது மூச்சு விட்டிருப்பார். நான் அதைக் கண்டுபிடிச்சுட்டா, அன்னைக்கு டீ அவர் போடணும். கண்டுபிடிக்கலேன்னா நான் போடணும்.

— யார் ஜெயிப்பீங்க?

— நாற்பது படத்துக்கு மேல இருக்கும். ஒரு நாள்கூட நான் டீ போட்டதில்ல தம்பி.

— என்ன அக்கா சொல்றீங்க? செட்டுல அண்ணனுக்குப் பேரே பொணம். 'பொணம் வந்தாச்சா, பொணம் சாப்பிட்டாச்சா'ன்னுதான் கேப்போம். மத்தவங்களைப் படுக்க வச்சா நெஞ்சு ஏறி இறங்கும், கண்ணு துடிக்கும். அண்ணன் படுத்தா படுத்ததுதான். நானே நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்திருக்கேன். ஒரு தடவைகூடப் பிடிச்சதில்ல.

— நீங்க நெஞ்சைப் பார்த்திருப்பீங்க. வயித்தைப் பார்த்திருப்பீங்க. அவர் அங்கல்லாம் வாங்க மாட்டார். யாராவது அலறும்போதுதான் வாங்குவார். அப்ப எல்லார் கண்ணும் அலறறவ மேல இருக்கும் இல்லையா? கெட்டிக்காரர். ஆனா ஒரு இடம் இருக்கு. அங்க லேசா அசையும்.

— எந்த இடம் அக்கா?

— நல்லா கேட்டீங்களே. அவர்கிட்டயே சொன்னதில்ல. சொன்னா அதையும் மறைச்சிடுவார், அப்புறம் யார் டீ போடறது? பொண்ணுக்கும் தெரியாது. ஏழாம் பாகத்துக்கு வருவோம்.

— தியேட்டருக்கா போனீங்க?

— மத்தியான ஆட்டம். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. வீட்டுல போட்டோ மாட்டியிருக்கோம். போட்டோ எத்தனை நேரம் பார்த்தாலும் போட்டோதான். ஆள் நடக்கறதை, திரும்பறதைப் பார்க்கணும்னு இருந்துச்சு. போனேன்.

— படம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கவே பயமா இருக்கு.

— ஆறாம் பாகத்தை எல்லாமே கனவுன்னு முடிச்சீங்களே, அப்ப அவரோட ஒரு வாரம் பேசல நான். ஏதோ அவர்தான் கதை எழுதின மாதிரி.

— அது டைரக்டர் அக்கா! நான் வேணவே வேணாம்னேன்.

— ஏழாவது அதுக்கும் ஒரு படி கீழ. நிலவறையில கும்மிருட்டுங்கறா அந்தப் பொண்ணு, அவ நிழல் அவளுக்கு முன்னாடி படி இறங்குது. கதவு பக்கத்துலயே ஸ்விட்ச் இருக்கு, ஒருத்தியாவது போடறாளா? ஏழு பாகமா ஒருத்தியும் போடல. கத்தரிக்காரன் ஷூ இங்க கறுப்பு, அங்க பழுப்பு. இதையெல்லாம் பார்க்கத்தானே நாங்க வர்றோம். பயந்துக்கிட்டே சிரிக்கறது ஒரு சுகம், வெளிய சொல்லிக்க முடியாத சுகம். நான்கூட சிரிச்சேன். எட்டு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையா சிரிச்சேன். அப்ப அவர் கிடக்கற ஷாட் வந்துச்சு.

— சமையலறைத் தரையில.

— ஆமா, சமையலறைத் தரையில. நாற்பத்திரண்டு விநாடி. மூச்சு இல்ல.

— பெரிய திரையில சில நேரம் சரியா...

— மறுநாள் போனேன். அடுத்த நாளும் போனேன். மொத்தம் நாலு தடவை. பின்னால உட்கார்ந்திருந்த ஆள், 'யாருய்யா இவன், பொணமாவே நடிக்கறான்'ன்னான். மூச்சு இல்ல தம்பி.

— ஓ, அதுவா! அது ஃப்ரீஸ் பண்ணினது அக்கா. எங்க தொழில்ல எல்லாரும் செய்யறதுதான். பொணம் மூச்சு விட்டுட்டா, ஒரே ஒரு பிரேமை எடுத்து அப்படியே நிறுத்திடுவோம். படம் நின்னா மூச்சும் நின்னுடும்.

— நாற்பத்திரண்டு விநாடியுமா?

— முழுசும்.

— அப்ப அந்த எறும்பு எப்படி நடந்துச்சு?

— எந்த எறும்பு?

— காதுகிட்ட கிளம்பிச்சு. கன்னத்துல ஏறிச்சு. உதட்டோரம் வந்து நின்னு, யோசிச்சு, மறுபடியும் நடந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்ல பொட்டு மாதிரி இருந்திருக்கும், தியேட்டர்ல பூனை அளவுக்கு இருந்துச்சு. நிறுத்தி வச்ச படத்துல எறும்பு மட்டும் ஊருமா?

— என்னத்த சொல்ல... ரத்தம்னு நாங்க ஊத்தறது சர்க்கரைப் பாகு. எறும்பு வரத்தான் செய்யும்.

— எனக்கா சொல்றீங்க? அந்தச் சட்டையைத் துவைச்சவ நான். எறும்பு வர்றது பெரிசில்ல. அவர் கத்திக்கு அசைய மாட்டார், கேமராவுக்கு அசைய மாட்டார், எறும்புன்னா மட்டும் ஆகாது. மூணாம் பாகத்துல காதுல ஒரு எறும்பு நுழைஞ்சு, செத்தவர் எழுந்து ஓடினார்னு என்கிட்ட விழுந்து விழுந்து சிரிச்சுச் சொன்னதே நீங்கதான்.

— ஆமா. சொன்னேன்.

— உதட்டுல எறும்பு நடக்குது. இமை துடிக்கல. ஏன்?

— அக்கா, நடந்து முடிஞ்சதைக் கிளறி...

— இன்னும் இருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வேன்ல மயக்கம், நாலு மணின்னு சொன்னீங்க. கம்பெனியில இருந்து வந்த மூணு பேரும் பாடம் ஒப்பிச்ச மாதிரி நாலு மணி, நாலு மணின்னீங்க. அவர் பையில டிபன் பாக்ஸ் இருந்துச்சு. கட்டின துணிகூடப் பிரிக்கல. பன்னிரண்டரைக்கே பசி பசின்னு பறக்கற மனுஷன், நாலு மணி வரைக்கும் சாப்பிடாம என்ன பண்ணினார்?

— அன்னைக்குக் கம்பெனிச் சாப்பாடு...

— ஏழு வருஷமா தொடாத கம்பெனிச் சாப்பாட்டை அன்னைக்குத் தொட்டாரா? சரி, தொட்டார்னே வைங்க. கம்பெனிச் சட்டையோட ஏன் வேன்ல ஏறினார்? பாகு ஒட்டுதுன்னு ஷாட் முடிஞ்ச மறு நிமிஷம் சட்டையைக் கழட்டற ஆள். ஆஸ்பத்திரியில என் கையில கொடுத்தது அந்தச் சட்டை. எறும்போட கொடுத்தாங்க. தம்பி, அந்த மேஜை டிராயரை ஏன் முழங்காலால தள்ளி மூடறீங்க?

— மூடலையே.

— நான் உள்ள வந்ததுல இருந்து மூணாவது தடவை. என்ன இருக்கு அதுல?

— ஹார்ட் டிஸ்க்.

— யாரோடது?

— அன்னைக்கு எடுத்தது. அந்த ஷாட். வெட்டாதது.

— கம்பெனியில எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னாங்களே.

— அழிக்கச் சொன்னாங்க. என் கை வரல. அக்கா, என்னை அடிக்கறதுனா அடிச்சுக்குங்க. வேன் இல்ல, நாலு மணி இல்ல. ஒண்ணும் இல்ல. எல்லாம் பொய்.

— அடிக்க வரல. சொல்லுங்க.

— அண்ணனுக்கு ஒரு குறும்பு உண்டு, உங்களுக்குத் தெரியும். கட் சொன்னா எழுந்திருக்க மாட்டார். எல்லாரும் கைதட்டணும். தட்டினாதான் ஒரு கண்ணைத் திறப்பார், அப்புறம் இன்னொண்ணு. சில நாள் ரெண்டு ரவுண்டு தட்ட வைப்பார்.

— தெரியும். வீட்டுலயும் காலையில எழுப்பறதுக்குத் தட்டணும்.

— அன்னைக்குக் கத்தரி இறங்கினதும் விழுந்தார். விழுந்த விதமே தனியா இருந்துச்சு. டைரக்டர் கட் சொல்லாம ஓட விட்டுட்டார், அவ்வளவு பிடிச்சுப் போச்சு. அப்புறம் கட். கைதட்டினோம். எழுந்திருக்கல. மறுபடியும் தட்டினோம். சிரிச்சோம். சாப்பாட்டு நேரம். அப்ப... அப்ப ஒருத்தன் சொன்னான், 'விடுங்கப்பா, இன்னைக்குப் பொணத்துக்குப் பெரிய கைதட்டல் வேணுமாம். பசிச்சா தானா வரும்'னு. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சாப்பிடப் போயிட்டோம்.

— யார் அந்த ஒருத்தன்?

— நான்தான் அக்கா.

— நீங்க எடிட்டர். அங்க உங்களுக்கு என்ன வேலை?

— ரெண்டாவது கேமராவுக்கு ஆள் இல்ல. நான்தான் பிடிச்சேன். எங்க படத்துல எடிட்டர் கேமரா பிடிப்பார், டிரைவர் கத்தரிக்காரனா வருவார். பசியில கேமராவை நிறுத்தவும் மறந்துட்டேன். பாட்டரி தீர்ற வரைக்கும் பதினேழு நிமிஷம் தானா ஓடியிருக்கு. அரை மணி கழிச்சு வந்து தொட்டா...

— ஜில்லுன்னு இருந்துச்சா?

— ஆமா.

— அதை வெட்டிப் படத்துல வச்சீங்க.

— இந்த வரிசையிலயே இதுதான் நல்ல ஷாட்னு டைரக்டர் ஒத்தைக் கால்ல நின்னார். கட் சொல்ற வரைக்கும் நாற்பத்திரண்டு விநாடி எடுத்தேன். அதுக்கு மேல ஒரு பிரேம்கூட நான் பார்த்ததில்ல, சத்தியமா. ஆனா டாக்டர் சொன்னார் அக்கா, 'விழும்போதே போயிருப்பார், உங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது'ன்னார். விழும்போதேன்னார்.

— அவர் பார்த்தாரா?

— என்ன?

— டாக்டர் அந்தச் சமையலறையில நின்னு பார்த்தாரா?

— இல்ல. அதனாலதான் எனக்குத் தூக்கம் போச்சு. போன மாசம் என் பையனோட பள்ளிக்கூடத்துல பாட்டுப் போட்டி. அவன் பாடி முடிச்சதும் எல்லாரும் கைதட்டினாங்க. நான் எழுந்து வெளிய ஓடிட்டேன். பிள்ளை வீட்டுக்கு வந்து, 'அப்பா, நான் நல்லா பாடலையா'ங்கறான். என்னன்னு சொல்வேன் அக்கா? நாங்க தட்டும்போது அண்ணன் போயிட்டாரா, இருந்தாரா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். அந்த இடம் எதுன்னு சொல்லுங்க, நானே போட்டுப் பார்த்துக்கறேன்.

— அவர்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொல்வேனா? டிஸ்க்கை மாட்டுங்க.

— அக்கா, வேணாம். நீங்க இதைப் பார்க்க...

— நாலு தடவை காசு கொடுத்துப் பார்த்தவ நான். மாட்டுங்க. அந்தத் திரைச்சீலையை இழுத்து விடுங்க, கண்ணாடியில வெயில் அடிக்குது.

— மாட்டிட்டேன்.

— ஓட்டுங்க.

— விழறார்.

— தெரியுது. இது நான் பார்த்தது. எறும்பு கிளம்பிடுச்சு. இதுக்கு மேலதான் பார்க்கல.

— கட் சொல்லியாச்சு.

— கைதட்டல். எவ்வளவு பேர் தட்டறீங்க! அவருக்குப் பிடிச்சிருக்கும். இது உங்க குரல்.

— சத்தத்தைக் குறைச்சுடறேன்.

— வேணாம். 'பசிச்சா தானா வரும்.' ம். எல்லாரும் போறீங்க. யாரோ தட்டு எடுக்கறாங்க. விளக்கை ஏன் அணைக்கறீங்க?

— கரண்டு மிச்சம். ஒரு விளக்கு மட்டும் விடுவோம்.

— அதுவே போதும். தெரியுது. நீங்க திரும்பிக்குங்க தம்பி, வேணும்னா.

— திரும்பிட்டேன். எத்தனை நிமிஷம் ஆச்சு?

— மூணு. ஓடட்டும்.

— அக்கா?

— ஓடட்டும்னேன்.

— ஏதாவது...

— நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால போங்க. இன்னும். இங்க இருந்து ஓட்டுங்க.

— என்ன அக்கா? என்ன தெரியுது?

— மறுபடியும்.

— அக்கா, எதையாவது சொல்லுங்க. அசைஞ்சுதா?

— எறும்பு.

— எறும்பா?

— ரெண்டாவது எறும்பு ஒண்ணு வந்து சேர்ந்துக்கிச்சு. அதைத்தான் பார்த்தேன். மீதியையும் ஓட்டுங்க.

— இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு.

— இருக்கட்டும். அவர் தனியா கிடந்தது போதும். கூட இருந்து பார்த்துடறேன்.

— ...முடிஞ்சுது அக்கா. திரை கறுப்பாயிடுச்சு.

— ம்.

— சொல்லுங்க.

— மூச்சு இல்ல தம்பி. விழுந்ததுக்கு அப்புறம் ஒரு தடவைகூட இல்ல. டாக்டர் சொன்னது சரி. நீங்க கைதட்டறதுக்கு முன்னாடியே அவர் போயிட்டார்.

— நிஜமாவா? நல்லா பார்த்தீங்களா? அந்த இடத்தைப் பார்த்தீங்களா?

— நாற்பது படமா பார்க்கற இடம். எனக்குத் தப்புமா? அழாதீங்க. மூக்கைத் துடைங்க, மெஷின்ல ஒழுகப் போகுது.

— எட்டு மாசம் அக்கா... எட்டு மாசமா...

— தெரியுது. போதும். இப்ப இதை அழிங்க.

— அழிக்கறதா? உங்களுக்கு ஒரு காப்பி வேணாமா? எப்பவாவது பார்க்கணும்னு தோணினா?

— தோணாது. என் கண் முன்னாலயே அழிங்க. வேற எங்கயும் இல்லையே?

— இதுல மட்டும்தான். அழிக்கறேன். ஆச்சு.

— குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்குமே, அதுலயும்.

— அதுலயும் ஆச்சு அக்கா.

— பையன் இன்னொரு தடவை பாடினா, உட்கார்ந்து முழுசா கேட்டுக் கைதட்டுங்க. அப்புறம் ஒண்ணு. இனிமே எவன் பொணமா படுத்தாலும், கட் சொன்னதும் முதல்ல போய்த் தொட்டு எழுப்புங்க. கைதட்டறது அப்புறம்.

— சத்தியமா அக்கா.

— எட்டாம் பாகம் எடுக்கறீங்களா?

— பேசிக்கிட்டு இருக்காங்க. பார்ப்பீங்களா?

— முகமூடியைப் புதுசா வாங்கினா யோசிக்கறேன். வரட்டுமா? எழுந்திருக்காதீங்க, படி எனக்குத் தெரியும்.

— பார்த்து இறங்குங்க அக்கா.

— என்னம்மா இது, ஒரு மணி நேரமா? வாட்ச்மேன் ரெண்டு தடவை வண்டியை நகர்த்தச் சொல்லிட்டார். உன் கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?

— மூணு மாடி இறங்கினேன்ல.

— கண்ணாலயா இறங்கினே? எடிட்டர் என்ன சொன்னார்? வேன்ல இல்லதானே?

— இல்ல. படுத்த இடத்துலயே.

— எனக்குத் தெரியும்! நான் அன்னைக்கே சொன்னேன்ல? ஷாட்டை வச்சிருந்தாரா? முழுசா காட்டினாரா?

— காட்டினார். வண்டியை எடு கண்ணு.

— எடுக்க மாட்டேன். என்கிட்ட எதையும் விளக்க வேணாம் நீ. ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும். வீட்டுக்குப் போனா இன்னைக்கு டீ யார் போடணும்?

— முதல்ல வண்டியை எடு.

— அம்மா.

— அப்பாதான் போடணும்.